ஏழாகிப்போன ஐந்து

கதிருக்கு,

நீ துறைமுகத்தில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறாய். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று போன் செய்துவிட்டாய். அப்பா தூங்குகிறார். இந்த நேரத்தில் எழுதிவிட்டால் உண்டு. நேரில் சொன்னால் நான் கத்துவேன், நீ சிரிப்பாய், சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவாய். அந்தத் தலையாட்டலை நான் உன் மூன்று வயதிலிருந்து பார்க்கிறேன். அதனால் காகிதத்தில் சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. முடிந்ததும் நம் படகின் ஸ்டியரிங்கை முதல்முறையாக நீ பிடிக்கப்போகிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். காரைக்கால் டவுனில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த காலத்தில், கீபோர்டைத் தொடவே நடுங்கும் பிள்ளைகளை, "அது என்ன பாம்பா, கடிக்குமா?" என்று அதட்டியவள். மெஷின் நின்றுபோனால் கும்பகோணத்திலிருந்து மெக்கானிக் வரவேண்டும். அவர் நாளைக்கு வர்றேன் என்றால் அடுத்த மாதம் என்று அர்த்தம். பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டேன். திறந்தேன், பார்த்தேன், கற்றுக்கொண்டேன். பிறகு புது மெஷின்கள் வாங்கியபோது பழையதில் ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பின்கட்டு அறையில் துணி போர்த்திக் கிடக்கும், நீ கல்வெட்டு என்று கிண்டல் செய்யும் பெட்டி அதுதான். அதில் என்ன இருக்கிறது என்று உனக்கு இப்போது தெரியும். ஆனால் அதைத் திறந்த நாளில் எனக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது.

கடலுக்கு அடியில் கிடப்பது யாருக்கும் தெரியாது. முங்கிப்போன கப்பல், சுனாமியில் போன படகு, எந்தக் காலத்திலோ அறுந்த நங்கூரம் என்று எத்தனையோ. இழுவலை அதில் மாட்டினால் வலை போகும், சில நேரம் படகே போகும். அப்படி மாட்டும் இடங்களைப் பாயிண்டு என்று ஒரு படகு டிரைவர் தன் ஆயுசு முழுக்கச் சேர்ப்பான், ஆனால் வெளியே சொல்லமாட்டான். இது நம் கரையில் உள்ள பழக்கம். வயர்லெஸ்ஸில் யாராவது கேட்டால், "அந்தப் பக்கம் கொஞ்சம் பாத்துப் போங்க" என்பதோடு சரி. கருமித்தனம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இரும்பு கிடக்கும் இடத்தைச் சுற்றித்தானே மீன் அண்டும்? இடத்தைச் சொன்னால் மீனையும் சேர்த்துச் சொன்ன மாதிரி. அப்பா கரைக்கு வந்து, குளித்து, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். வடக்கே இத்தனை, கிழக்கே இத்தனை, ஆழம் இத்தனை பாகம், அடியில் இன்னது என்று சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். பாயிண்டுகள் வீட்டைத் தாண்டக்கூடாது என்று ஃப்ளாப்பி டிரைவையே கழற்றி வைக்கச் சொன்னவர் அவர். போனில் ஏற்றி வைக்கலாமே என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "போன் எல்லாரு கையிலயும் போற சாமான்" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்தப் பட்டியலின் முதல் பாயிண்ட் உன் சின்ன மாமா. அவன் போனபோது நீ கைக்குழந்தை. என் கூடப் பிறந்தவன், பட்டினச்சேரியில் எங்கள் வீட்டின் கடைக்குட்டி. அவன் ஓட்டிய படகின் வலை ஒரு பழைய இரும்புக் கப்பலில் மாட்டியது. பின்னால் வலை பிடித்து இழுக்க, படகின் பின்புறம் தாழ்ந்துகொண்டே போயிருக்கிறது. கூடப் போனவர்கள் ரோப்பை வெட்டிவிடலாம் என்று கெஞ்சியிருக்கிறார்கள். புது வலை, அந்த வருஷம்தான் கட்டியது. "கொஞ்சம் பொறு, வந்துடும்" என்றானாம். இதைத் தப்பி வந்தவர்களில் ஒருவர் எங்கள் அம்மாவிடம் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். பின்பக்கமாக ஒரே ஓர் அலை ஏறியது. அவன் கிடைக்கவில்லை. அப்பா அதன் பிறகுதான் பாயிண்டுகளைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தார். அந்த இடத்தின் எண்ணைத்தான் நான் முதன்முதலில் டைப் அடித்தேன். என் பெயரை மறந்தாலும் அந்த எண்ணை நான் மறக்கமாட்டேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போன பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. பெரியப்பா ஆள் வைத்துப் படகை ஓட்டினார். அந்த டிரைவர் இந்தத் தடைக்காலத்தில் வேறு படகுக்குப் போய்விட்டார். தன் பாயிண்டுகளைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த நீ, "நான் ஓட்டுறேம்மா" என்றாய். இரண்டு சீசன் பெரியப்பா கூடப் போய் ஓட்டத் தெரிந்துகொண்டது வாஸ்தவம்தான். நீ அப்படிச் சொன்ன அன்றைக்கே திருநள்ளாறு போய் எள்விளக்குப் போட்டுவிட்டு வந்தேன். நீ கேட்டபோது அப்பாவுக்காக என்றேன். உனக்காகத்தான்.

அப்பா பின்கட்டைக் கையால் காட்டிக் காட்டி, கம்ப்யூட்டரைப் போடச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். போட்டேன். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்து, எந்த டிஸ்க் மாட்டியிருக்கிறது என்பதையே அது மறந்திருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அந்த விவரங்களைக் கொடுத்தேன். அப்புறமும் திரையில் ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர் ஃபெயிலியர் என்று வந்து நின்றது. கன்ட்ரோலர் என்பது டிஸ்க்கில் இருப்பதை எடுத்துக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கும் அட்டை. அது வேலை செய்யாவிட்டால் டிஸ்க் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். அப்பாடா என்று இருந்தது. பாயிண்ட் இல்லை, அப்பா விடமாட்டார், என் பிள்ளை போகமாட்டான் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். நீ என் தோளைத் தட்டி, "பரவால்லம்மா, அது இல்லாமயே போயிக்கிறேன்" என்றாய். என் சந்தோஷம் அதோடு செத்தது. அது ஓடினால் நீ போவாய். ஓடாவிட்டாலும் போவாய், கண்ணைக் கட்டிக்கொண்டு போவாய். கேபினெட்டைத் திறப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

திறந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எல்லாரும் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரின் மேலேதான் பொட்டு வைப்பார்கள். உன் அப்பாவுக்கு அது போதாது. படகு எஞ்சினில் ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் வைத்துப் பழகிய மனுஷன். மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே இருந்த ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். "வேல செய்யிறது உள்ள இருக்கறதுதானே, மூடிக்கு எதுக்கு பொட்டு?" என்பார். அதில் நியாயம் இருந்தது, நானும் விட்டுவிட்டேன். வருஷா வருஷம் வைத்த சந்தனம் கரைந்து இறங்கி, கன்ட்ரோலர் கார்டு ஸ்லாட்டில் சொருகும் இடத்தில் தங்க நிறப் பட்டைகளின் மேல் காய்ந்து கிடந்தது. அதோடு நம் ஊர் உப்புக்காற்றும் சேர்ந்து பச்சை பூத்திருந்தது. டிஸ்க் சுற்றும் சத்தம் நன்றாகவே கேட்டது. ஆகவே டிஸ்க் உயிரோடு இருக்கிறது, கோளாறு கார்டில்தான் என்று முடிவு கட்டினேன். கார்டைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்தப் பட்டைகளை மெதுவாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மினுக்கம் வந்தது. மறுபடி சொருகுவதற்கு முன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ வாசலிலிருந்து எட்டிப் பார்த்து என்னம்மா என்றாய். ஒன்றுமில்லை, காயட்டும் என்றேன். காய அதில் ஒன்றுமே இல்லை.

சொருகினேன். ஓடியது. ஃபைல் திறந்தது, வரிசை வரிசையாகப் பாயிண்டுகள் வந்தன. நீ போனை எடுத்துத் திரையைப் படம் பிடிக்க ஆரம்பித்தாய், இந்தத் தடவை அப்பா தடுக்கவில்லை. நாம் இழுத்துப் போட்ட கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணில் தண்ணீர். "வந்துடுச்சும்மா, போதும்" என்றாய். நான் முதல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மாமா கிடக்கும் இடம். அந்த எண்ணில் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. என் கண்தான் சரியில்லை என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஏழுதான். உனக்கு அது வெறும் எண். எனக்கு, என் கூடப் பிறந்தவன் செத்த இடத்திலிருந்து அவனை யாரோ தூக்கி இரண்டு கடல் மைலுக்கு அப்பால் போட்ட மாதிரி இருந்தது.

நீ, "ஒரு எழுத்து மாறுனா என்னம்மா?" என்றாய். கீழே போய்ப் பார்த்தபோது இன்னோர் இடத்தில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள் நின்றன. அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நிறைய கம்பிகள் ஓடுகின்றன. அதில் ஒன்று மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தால், எப்போதாவது ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாக மாறிவிடும். இந்தக் கம்பி சில எண்களோடு இரண்டைக் கூட்டிவிடுகிறது. எட்டு மாறினால் புள்ளியாகிவிடுகிறது, பார்த்தாலே தெரிகிறது. ஐந்து மாறினால் ஏழாகிறது. ஏழைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? ஒன்று மூன்றாகலாம், நாலு ஆறாகலாம். இத்தனை வருஷம் மெஷின் நின்றுபோவதுதான் பெரிய கோளாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நின்றுபோவது நல்ல கோளாறு, கதிர். நின்றுவிட்டேன் என்று அதுவே வாய்விட்டுச் சொல்கிறது. ஓடிக்கொண்டே பொய் சொல்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும். உன்னிடம் அன்று நான் கத்தியது இதனால்தான். போனைப் பிடுங்கி அத்தனை படத்தையும் அழித்தபோது நீ கோபித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டாய்.

நீ போன பிறகு கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றிப் போட்டேன். கோளாறு அப்படியே இருந்தது. பிறகு டிஸ்க்கையும் கார்டையும் இணைக்கும் பட்டைக் கேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மடிப்பில் வெடித்திருந்தது. பழைய சாமான் சாக்கைக் கொட்டி வேறொரு கேபிளைத் தேடி எடுத்து, சிவப்புக் கோடு போட்ட ஓரம் சரியான பக்கம் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்து மாட்டினேன். மெஷினைப் போட்டேன். மாமாவின் எண்ணில் ஐந்து வந்துவிட்டது. புள்ளிகள் நின்ற இடத்தில் எட்டு வந்துவிட்டது. நீ திரும்பி வந்ததும் அணைத்து அணைத்துப் போட்டுப் படம் பிடித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். ஓர் எழுத்து மாறவில்லை. உனக்கு முகம் மலர்ந்தது. எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது.

கேபிள் எப்போது வெடித்தது? அப்பா படுப்பதற்கு முன், கடைசியாக நான் டைப் அடித்த நாட்களிலேயே அது வெடித்திருந்தால், நான் ஐந்து என்று அடித்தது டிஸ்க்கில் ஏழு என்றே பதிந்திருக்கும். அப்படிப் பதிந்ததை எத்தனை புதுக் கேபிள் போட்டுப் படித்தாலும் ஏழு என்றுதான் காட்டும். ஒப்பிட்டாலும் ஒத்துப்போகும். அதைச் சரிபார்க்க இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு, அவருக்குப் பேச வராது. அதனால்தான் நேற்று உங்கள் இருவரையும் உட்காரவைத்து நான் படித்தேன். ஒவ்வொரு பாயிண்டாக மெல்லச் சொல்ல, சரியாக இருந்தால் அப்பா என் உள்ளங்கையில் விரலால் தட்டினார். வடக்கு, கிழக்கு, ஆழம், அடியில் என்ன என்று சொல்லி நிறுத்துவேன், தட்டுவார். அவர் தலைக்குள் அந்தக் கடல் இன்னும் அப்படியே கிடக்கிறது, சொல்லத்தான் வாயில்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கடைசிப் பாயிண்டுக்கு வந்தோம். பக்கத்தில் "புதுசு" என்று மட்டும் நான் அடித்திருந்தேன். ஆழம் முப்பத்திரண்டு பாகம் என்று படித்தேன். விரல் தட்டவில்லை.

மறுபடி படித்தேன். தலையை ஆட்டினார். நல்ல கையை எடுத்து, ஐந்து விரலையும் இரண்டு தடவை விரித்துக் காட்டினார், பிறகு இரண்டு விரலை மட்டும் நீட்டினார். பன்னிரண்டு பாகம், எழுபத்திரண்டு அடி. அப்படியென்றால் ஒன்று மூன்றாகிப் பதிந்திருக்கிறது. ஆழம் மாறியிருக்கிறது என்றால் வடக்கும் கிழக்கும் மாறியிருக்காது என்று யார் சொல்வது? அவருக்கும் அது பழகாத இடம், ஒரே ஒரு தடவை பார்த்தது. எண்ணைச் சொல்லச் சொல்ல உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நினைவில்லை. உன் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் நீ நம்பலாம். இந்த ஒன்றை நம்ப முடியாது. பன்னிரண்டு பாகத்தில், கரைக்குப் பக்கத்திலேயே, நீ போகும்போதும் வரும்போதும் கடக்கிற தண்ணீரில், எங்கேயோ ஒன்று கிடக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, டிஸ்க்குக்கும் தெரியாது. என் பயத்துக்கு இப்போது ஓர் ஆழம் இருக்கிறது, இடம்தான் இல்லை.

உன்னைப் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. கேட்டுவிட்டால் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது. நீ ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் தினமும் தானே ஒற்றைக் கையால் சட்டை போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். பயத்தை விட்டுவிடு என்றும் நான் சொல்லமாட்டேன். பயந்துகொண்டே போ. எல்லாம் நன்றாக ஓடுகிற நேரத்தில் கொஞ்சம் அதிகமாகப் பயப்படு. இடம் சொல்லும் ஜி.பி.எஸ். காட்டுகிறது, ஆழம் சொல்லும் எக்கோ சவுண்டர் காட்டுகிறது என்று இருந்துவிடாதே. அதற்குள்ளும் இப்படி ஓர் அட்டையும் கம்பியும்தான் இருக்கின்றன. வலை கனத்தால், எஞ்சின் சத்தம் மாறினால், காலடியில் பலகை பின்பக்கமாகச் சரிவது போல லேசாகத் தோன்றினாலும் அதை நம்பு. கூட இருப்பவர்களில் யாராவது வெட்டலாம் என்று சொன்னால், அவர் உன்னைவிட வயதில் சின்னவராக இருந்தாலும் கேள்.

நேற்று எல்லாம் முடிந்து நீ எழுந்தபோது அப்பா உன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாரே, அதற்கு அர்த்தம் நீ கேட்டாய், இப்போது சொல்கிறேன். தன் நல்ல கையைத் தூக்கி, கட்டில் சட்டத்தின் மேல் ஓங்கி இறக்கினார். திரும்பத் திரும்ப இறக்கினார். விரல் சிவந்துபோனது. கோபம் என்று நினைத்தாய். கோபம் இல்லை. கோடாரியால் ரோப்பை வெட்டுகிறார். தன் வாழ்நாளில் எத்தனையோ தடவை வலையை வெட்டிவிட்டு வெறும் படகோடு வந்த மனுஷன் அவர். கரையில் சிரித்திருக்கிறார்கள், பெரியப்பா ஏசியிருக்கிறார், இவர் நேரே வந்து என்னிடம் பாயிண்டைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். அதனால்தான் இன்று கட்டிலிலாவது இருக்கிறார். என் தம்பி ஒரே ஒரு தடவை வெட்டவில்லை.

கோடாரியை இன்று காலையில் கொடுத்துச் சாணை பிடித்துவாங்கி, உன் துணிப்பைக்குப் பக்கத்தில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அதற்குள்தான் இருக்கும். எடுக்கும்போது விரலைப் பார்த்துக்கொள், நல்ல கூர். வலை இழுக்கும் வின்ச்சுக்குப் பக்கத்தில் உன் கைக்கு எட்டுகிற இடத்தில் கட்டிவை. பன்னிரண்டு பாகத்தில் வலையே போடாதே. வேறெங்கே மாட்டினாலும் படகைப் பார், வலையைப் பார்க்காதே. கொஞ்சம் பொறு, வந்துடும் என்று உனக்கும் ஒரு நாள் வாயில் வரும், எல்லாருக்கும் வரும். வந்தால், அதைச் சொல்லி முடிக்காதே. வெட்டிவிட்டு, மீனும் வலையும் இல்லாமல் வீட்டுக்கு வா. அந்த இடத்தை நான் டைப் அடித்துக்கொள்கிறேன்.

அம்மா